கடல் தண்ணி கலந்த ஒயின்: கோஸ் தீவிலிருந்து அரிக்கமேடு வரை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

இந்த வாரத் தலைப்பு ரெட் ஒயின். குறிப்பா, மத்தியதரைக் கடல்ல இருக்கிற தீவுகளோட ரெட் ஒயின். என்னடா இவன், அம்பத்தூர்ல உக்காந்துக்கிட்டு சிசிலி பத்திப் பேசறான்னு தோணலாம். பத்து நிமிஷம் பொறுத்துக்கங்க. அந்தத் தீவு ஒயினுக்கும் நம்ம கரைக்கும் ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல பழக்கம் இருக்கு.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். நம்ம ஊர்ல 'ஒயின் ஷாப்'னு சொன்னா, அங்க ஒயின் கிடைக்கும்னு யாரும் நினைக்கறதில்ல. குவார்ட்டர் கிடைக்கும், பீர் கிடைக்கும். 2003-ல சில்லறை விற்பனையை டாஸ்மாக் எடுத்துக்கிட்ட பிறகும் அந்தப் பழைய பேர் மட்டும் வாயில ஒட்டிக்கிட்டு இருக்கு. அதனால 'ஒயின்'ங்கிற வார்த்தை நமக்கு ரெண்டே இடத்துல வருது. ஒண்ணு, தெருமுனைக் கடை. இன்னொண்ணு, சினிமாவுல பணக்காரர் வீட்டு டைனிங் டேபிள். ரெண்டுக்கும் நடுவுல என்ன இருக்குன்னு யாரும் சொல்லித் தர்றதில்ல.

போன மாசம் ஆவடியிலேர்ந்து ஒரு மெயில் வந்துச்சு. பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டிருந்தாங்க. அவங்க எழுதினதோட சாரம் இதுதான்: "ஆபீஸ்ல கிளையன்ட்டோட டின்னர். ஒயின் லிஸ்ட்டை என் கையில கொடுத்தாங்க. ஒரு வார்த்தைகூடப் படிக்கத் தெரியல. கூச்சமா இருந்துச்சு. அதே சமயம், எங்க அப்பா குடியாலதான் எங்க வீடு கஷ்டப்பட்டுச்சு. நான் குடிக்க மாட்டேன். குடிக்காத ஒருத்தி இதைப் பத்தித் தெரிஞ்சுக்கலாமா, வேணாமா?"

இந்த எபிசோடே அவங்களுக்குத்தான். என் பதில்: தாராளமா தெரிஞ்சுக்கலாம். ஏன்னு போகப் போகச் சொல்றேன்.

தீவிலிருந்து வந்த ஜாடி

பூந்தமல்லியிலேர்ந்து ஒரு மூணு மணி நேரம் வண்டி ஓட்டினா புதுச்சேரி. அங்கேர்ந்து தெற்கே நாலஞ்சு கிலோமீட்டர்ல, அரியாங்குப்பம் ஆத்தங்கரையில இருக்கு அரிக்கமேடு. 1945-ல மார்ட்டிமர் வீலர் அங்க தோண்டினார். அடுத்து பிரெஞ்சு ஆய்வாளர் கசால். 1989-லேர்ந்து 1992 வரைக்கும் விமலா பெக்லியோட குழு. மண்ணுக்குள்ள கிடைச்சதுல முக்கியமான ஒண்ணு, ஆம்போரா துண்டுகள்.

ஆம்போரான்னா ரெண்டு பக்கமும் கைப்பிடி வெச்ச, அடியில கூம்பா முடியற பெரிய மண்ஜாடி. அந்தக் காலத்து ஷிப்பிங் கன்டெய்னர்னு வெச்சுக்கங்க. ஒயின், ஆலிவ் எண்ணெய், மீன் சாறு எல்லாம் அதுலதான் கப்பலேறும். ஒயின் ஜாடி ஒண்ணுல சுமார் 25 லிட்டர் பிடிக்கும். நம்ம வீட்டுக்கு வர்ற தண்ணி கேனைவிடக் கொஞ்சம் பெருசு.

இந்தத் துண்டுகளை உக்காந்து வகை பிரிச்சவங்க அமெரிக்க ஆய்வாளர் எலிசபெத் லைடிங் வில். ஜாடியோட கைப்பிடி, வாய், மண்ணு இதையெல்லாம் பாத்து எந்த ஊர்ச் சரக்குன்னு அவங்களால சொல்ல முடியும். அரிக்கமேட்டு ஒயின் ஜாடிகள்ல பெரிய பங்கு 'கோஸ்' வகைன்னு அவங்க கண்டுபிடிச்சாங்க. கோஸ் ஒரு கிரேக்கத் தீவு. துருக்கிக் கரைக்குப் பக்கத்துலயே இருக்கு. மருத்துவத்தோட தந்தைன்னு சொல்ற ஹிப்போகிராட்டஸ் பிறந்த ஊர். அந்த ஊர் ஜாடியோட அடையாளம், ரெண்டு உருட்டுக் களிமண்ணை ஒட்டவெச்ச மாதிரி இருக்கிற இரட்டைக் கைப்பிடி. அந்த ஒயின் அவ்வளவு பேர் வாங்கினதால, பின்னாடி இத்தாலிக்காரங்களும் அதே மாதிரி ஜாடி செஞ்சு தங்களோட ஒயினை அடைச்சு வித்தாங்க. டூப்ளிகேட் பிராண்டுங்கிறது நேத்து வந்த விஷயம் இல்ல.

இப்ப அந்த ஜாடி வந்த வழியை யோசிச்சுப் பாருங்க. கோஸ்லேர்ந்து அலெக்சாண்ட்ரியா. அங்கேர்ந்து நைல் நதியில படகு. பிறகு பாலைவனத்துல ஒட்டகப் பாதை. செங்கடல்ல பெரனிகே மாதிரி ஒரு துறைமுகம். அங்க ஜூலை வாக்குல தென்மேற்குப் பருவக்காத்தைப் பிடிச்சா இந்தியா. மொத்தம் பல மாசம், முழுக்க வெயில். சாதாரண ஒயின் இதைத் தாங்காது. காத்துப் பட்டா பாக்டீரியா அதை வினிகரா மாத்திடும்.

கோஸ் ஒயின் எப்படித் தாங்குச்சு? அங்கதான் நம்ம தலைப்பு வருது. அந்த ஒயின்ல கடல் தண்ணி கலப்பாங்க.

நம்ம ஊர்ல ஒயினுக்கே 'தண்ணி'ன்னுதான் பேர். அதுலயும் கடல் தண்ணியா?

ஆமா. கிமு 2ஆம் நூற்றாண்டுல கேட்டோங்கிற ரோமானியர் ஒரு விவசாயப் புத்தகம் எழுதினார். அதுல கோஸ் ஒயினுக்குச் செய்முறையே இருக்கு. அறுவடைக்கு 70 நாள் முன்னாடி, காத்தில்லாத நாள்ல, ஆத்துத் தண்ணி சேராத ஆழ்கடல்லேர்ந்து தண்ணி எடுக்கணும். அதைத் தெளிய வெச்சு, பிறகுதான் திராட்சைச் சாறோட சேக்கணும். இந்தப் பழக்கம் எப்படி வந்துச்சுங்கறதுக்கு கிபி 1ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் பிளினி ஒரு கதை சொல்றார். ஒரு அடிமை ஒயினைத் திருடிட்டு, அளவு குறைஞ்சது தெரியாம இருக்க கடல் தண்ணியை ஊத்தி நிரப்பினானாம். மாட்டிக்கறதுக்குப் பதிலா ருசி நல்லாயிருக்குன்னு பேர் ஆயிடுச்சு. நம்ம ஊர்ப் பால்காரர் ஜோக் மாதிரி இருக்கில்ல?

கதை உண்மையோ இல்லையோ, உப்பு செய்யற வேலை உண்மை. ஊறுகாய், கருவாடு போடற நமக்கு இதை விளக்க வேண்டியதே இல்ல. உப்பு கெட்டுப்போறதைத் தள்ளிப்போடும். கூடவே கசப்பையும் அடக்கும். மாங்காய்ப் பத்தையில, கொய்யாவுல உப்பு தடவித் தின்றோமே, அதே கணக்கு. ஜாடிக்கு உள்ள மரப்பிசின் வேற பூசியிருப்பாங்க. கிரீஸ்ல இன்னைக்கும் 'ரெட்சினா'ன்னு பைன் பிசின் வாசனையோட ஒரு ஒயின் விக்குது. அந்தப் பழைய ஜாடியோட வாசனை நாக்குல தங்கிப்போனதுதான் அது.

பெருமை பேசறதுக்கு முன்னாடி

"தமிழன் அப்பவே இம்போர்ட்டட் ஒயின் குடிச்சான்"னு ஒரு ஃபார்வர்டு உங்களுக்கும் வந்திருக்கும். பாதி சரி. புறநானூறு 56ஆவது பாட்டுல நக்கீரர், பாண்டியன் நன்மாறன் யவனர் கொண்டுவந்த தேறலைப் பொன் கிண்ணத்துல குடிக்கறதைப் பாடியிருக்கார். ஆனா கவனிங்க, குடிக்கறது ராஜா. கிண்ணம் தங்கம். ஊத்திக் கொடுக்கறதுக்கு ஆள் இருக்கு. அது ஊருக்கே கிடைச்ச சரக்கு இல்ல.

அதே காலத்துல ஒரு கிரேக்க வியாபாரி எழுதின வழிகாட்டி ஒண்ணு இருக்கு. பெயர் பெரிப்ளூஸ். எந்தத் துறைமுகத்துல எதை வித்தா போகும்னு பட்டியல் போட்டிருப்பார். குஜராத் பக்கம் பரிகாசாவுக்கு இத்தாலி ஒயின் நல்லாப் போகும்னு சொல்றார். நம்ம முசிறிக்கு வரும்போது, 'ஒயின், அதிகமில்ல'ன்னு ரெண்டே வார்த்தையில முடிச்சுடறார்.

அதிகம் வேண்டியிருக்கவும் இல்ல. இங்க கள் இருந்துச்சு, நறவு இருந்துச்சு, மூங்கில் குழாயில ஊற வெச்ச தேறல் இருந்துச்சு. 'தேறல்'னா தெளிஞ்சதுன்னு அர்த்தம். யவனர் சரக்கு வந்ததும் அதுக்குப் புதுப் பேரு தேடல. நம்ம கிட்ட இருந்த வார்த்தையையே கொடுத்திருக்கோம். புது விஷயத்தைப் பாத்துக் கூச்சப்படாம, 'ஓ, இது தேறல் வகை'ன்னு எடுத்துக்கிட்ட அந்த மனசு எனக்குப் பிடிச்சிருக்கு. லிஸ்ட்டைப் பாத்து நாம முழிக்க வேண்டியதில்லன்னு சொல்றதுக்கு அதுவே போதும்.

லிஸ்ட்ல இருக்கிற பேருங்க யாரு?

ஒயின் பாட்டில்ல எழுதியிருக்கிறது பெரும்பாலும் ரெண்டு விஷயம்: ஊர், இல்ல திராட்சை ரகம். நாம பொன்னி அரிசி, மல்கோவா மாம்பழம்னு சொல்றோமே, அவ்வளவுதான். பயப்பட ஒண்ணுமில்ல. தீவுகளோட சிவப்பு ரகங்கள்ல இந்த அஞ்சு பேரு தெரிஞ்சா போதும்.

நீரோ தாவோலா. சிசிலி தீவு. 'அவோலா ஊர்க் கருப்பன்'னு மொழிபெயர்க்கலாம். அடர் நிறம், கரும்பழ வாசனை, நல்ல வெயில் தாங்கற செடி. ரொம்ப காலம் இதை யாரும் பேர் சொல்லிக் குடிக்கல. வடக்கே இருக்கிற வெளுத்த ஒயினுக்கு நிறமும் பலமும் ஏத்த, டேங்கர் டேங்கரா அனுப்பிக் கலப்பாங்க. அதாவது உழைச்சது இவங்க, லேபிள் அவங்களோடது. கடைசி நாற்பது, அம்பது வருஷத்துலதான் தன்னோட சொந்தப் பேர்ல பாட்டிலுக்கு வந்துச்சு.

ஃப்ராப்பாத்தோ. இதுவும் சிசிலி. மெல்லிசு, லேசான நிறம், ஸ்ட்ராபெரி வாசனை. நீரோ தாவோலாவையும் இதையும் சேத்தா 'செரசுவோலோ தி வித்தோரியா'. சிசிலியில இத்தாலியோட உச்ச தர முத்திரை வாங்கின ஒரே ஒயின் அதுதான், 2005-ல கிடைச்சுது.

நெரெல்லோ மஸ்கலேஸே. எட்னா எரிமலையோட சரிவுல வளர்றது. ஆயிரம் மீட்டர் உயரம் வரைக்கும் தோட்டம் இருக்கு. 19ஆம் நூற்றாண்டுல பிலாக்சராங்கற பூச்சி ஐரோப்பாவோட திராட்சை வேரையெல்லாம் தின்னு தீத்தப்ப, எரிமலை மணல்ல அதால நகர முடியல. அதனால அங்க சில பழைய கொடிகள் தப்பிச்சு நிக்குது.

கன்னோனாவ். சார்டீனியா தீவு. உலகத்துல மத்த இடத்துல இதே ரகத்துக்கு கிரனாஷ்னு பேர். ஆல்கஹால் கொஞ்சம் தூக்கல், மசாலா வாசனை. ஆட்டுக்கறிக்குன்னே பிறந்த மாதிரி.

நியெல்லுச்சு. கோர்சிகா தீவு. மரபணு பாத்தா இது இத்தாலியோட சாஞ்சியோவேசேதான். இந்தப் பேரைக் குறிச்சுக்கங்க, ஏன்னா இது இந்தியாவுலயே விளையுது. மகாராஷ்டிராவுல அக்லூஜ் பக்கம் ஃப்ராத்தெல்லி, கர்நாடகாவுல ஹம்பி பக்கம் கிருஸ்மா, ரெண்டு பேரும் இதுல ஒயின் செய்யறாங்க. இறக்குமதி பாட்டிலுக்குச் சுங்கம், மாநில வரின்னு சேந்து விலை எங்கேயோ போகும். அந்தச் சுவை எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்க அவ்வளவு செலவு தேவையில்ல.

கம்பத்துல இருக்கிற சொந்தக்காரன்

இது என்னோட ஃபேவரிட் பகுதி. பூந்தமல்லி டிரங்க் ரோடுல தள்ளுவண்டியில கருப்பா, உருண்டையா, விதையோட, வாசனையா ஒரு திராட்சை விப்பாங்களே, பன்னீர் திராட்சை. தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்குலேர்ந்து வர்றது. 2023-ல 'கம்பம் பன்னீர் திராட்சை'க்குப் புவிசார் குறியீடு கிடைச்சுது. மத்த இடங்கள்ல ஒரு சீசன்தான். கம்பத்துல கவாத்து பண்ற தேதியை மாத்தி மாத்தி வருஷம் முழுக்க அறுவடை எடுக்கறாங்க. இந்தத் திராட்சைக்குன்னே அங்க ஆனைமலையான்பட்டியில வேளாண் பல்கலைக்கழகத்தோட ஆராய்ச்சி நிலையம் இருக்கு.

பன்னீர் திராட்சையோட உண்மையான ரகப் பேரு மஸ்கட் ஹாம்பர்க். பிரெஞ்சுப் பாதிரியார் ஒருத்தர் கொண்டுவந்ததா அந்தப் பக்கம் சொல்வாங்க. இதோட அப்பா அம்மா யாருன்னு மரபணு சோதனையில தெரிஞ்சுது. ஒண்ணு பிளாக் ஹாம்பர்க். லண்டன் பக்கத்துல ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில 1768-ல நட்ட கொடி இன்னும் காய்க்குது, அது இந்த ரகம். இன்னொண்ணு மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா. அது சுத்தமான மத்தியதரைக் கடல் ஆளு. கிரீஸ்ல லெம்னோஸ் தீவுல விளையுது. சிசிலிக்கும் துனிசியாவுக்கும் நடுவுல பான்தெல்லேரியான்னு ஒரு குட்டித் தீவு இருக்கு, அங்க இதுக்கு 'சிபிப்போ'ன்னு பேர். உலர்ந்த திராட்சைக்கான அரபி வார்த்தையிலேர்ந்து வந்தது. அங்க காத்து பேய் மாதிரி அடிக்கும். அதனால குழி தோண்டி, குழிக்குள்ள குட்டையா கொடி வளப்பாங்க. அந்த விவசாய முறையை 2014-ல யுனெஸ்கோ மனிதகுலப் பாரம்பரியமா அறிவிச்சுது.

ஆக, தள்ளுவண்டியில கிலோ கணக்குல விக்கிற நம்ம பன்னீர் திராட்சைக்கு அந்தத் தீவுகளோட ரத்தசம்பந்தம் இருக்கு. அந்த ரோஜா மாதிரி வாசனை வருதே, அது மஸ்கட் குடும்பத்து வாசனை. பத்து பழத்தை மெதுவா மென்னு பாருங்க. பாதி ஒயின் பாடம் அதுலயே முடிஞ்சுடும்.

கட்டஞ்சாயில ஒரு பரிசோதனை

'டானின்'னு ஒரு வார்த்தை அடிக்கடி வரும். இதைக் குடிக்காமலே புரிஞ்சுக்கலாம். இன்னைக்கு வீட்ல செஞ்சு பாருங்க.

டீத்தூளைக் கொஞ்சம் அதிகமா போட்டு, அஞ்சு நிமிஷம் கொதிக்க விட்டு, பாலும் சர்க்கரையும் இல்லாம ஒரு வாய் குடிங்க. நாக்கும் ஈறும் வறண்டு இழுக்கும். வாழைக்காய் பச்சையா கடிச்சா வர்ற துவர்ப்பு. அதுதான் டானின். எச்சில்ல இருக்கிற புரதத்தோட ஒட்டிக்கிட்டு வழவழப்பை எடுத்துடுது, அதனாலதான் அந்த வறட்சி.

இப்ப அதே டீயில ரெண்டு ஸ்பூன் பால் ஊத்துங்க. துவர்ப்பு அடங்கிடும். டானின் இப்ப பாலோட புரதத்துல ஒட்டிக்கிச்சு, உங்க எச்சிலை விட்டுடுச்சு.

ரெட் ஒயினுக்கும் கறிக்கும் இருக்கிற உறவு இதேதான். டானின் திராட்சைத் தோல்லேர்ந்தும் விதையிலேர்ந்தும் வருது. ரெட் ஒயின்ல தோலையும் சேத்து ஊறவைக்கறதால அது அதிகம். கறியோட புரதமும் கொழுப்பும் பால் செஞ்ச வேலையைச் செய்யும். 'ரெட் ஒயினுக்கு ரெட் மீட்'ங்கற பழமொழிக்குப் பின்னாடி இருக்கிறது டீக்கடை அறிவியல்.

நம்ம தட்டோட சேருமா?

புத்தகத்துல போட்ட ஜோடி எல்லாம் அவங்க ஊர்ச் சாப்பாடு. நம்ம சாப்பாட்டுல மூணு சிக்கல் இருக்கு: காரம், புளி, சூடு.

முதல்ல காரம். மிளகாய் வாயில தூண்டுற அதே சூட்டு உணர்வியைத்தான் ஆல்கஹாலும் தூண்டும். டானின் மேல வறட்சியைச் சேக்கும். அதனால காரசாரமான சால்னாவோட அழுத்தமான ரெட் ஒயின் குடிச்சா, நெருப்புல எண்ணெய். காரம் ஏற ஏற, ஒயின் மெல்லிசா, ஆல்கஹால் குறைவா, பழச்சுவை அதிகமா இருக்கணும். ஃப்ராப்பாத்தோ மாதிரி.

ரெண்டாவது புளி. சாப்பாடு ஒயினைவிடப் புளிப்பா இருந்தா, ஒயின் செத்துப்போய் சப்புனு இருக்கும். கெட்டியான வத்தக்குழம்பு, ரசம் இதுக்கெல்லாம் ரெட் ஒயின் வேண்டாம். அதுக்கு மோர்தான் ராஜா. இதைச் சொல்ல எனக்கு ஒரு தயக்கமும் இல்ல.

மூணாவது சூடு. 'ரூம் டெம்பரேச்சர்ல பரிமாறவும்'னு எழுதியிருப்பாங்க. அந்த ரூம் ஐரோப்பாவுல இருக்கு, 16-லேர்ந்து 18 டிகிரி. மே மாசத்து அம்பத்தூர் ரூம் இல்ல. 32 டிகிரியில ரெட் ஒயின் ஆல்கஹால் நெடியா மட்டும்தான் தெரியும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜ்ல வெச்சு எடுத்தாதான் அது பேசும்.

இதை வெச்சு நம்ம ஜோடிகளைப் பாக்கலாம்.

மட்டன் சுக்காவுக்கு கன்னோனாவ், இல்ல ஏதாவது கிரனாஷ். மிளகாயைவிட மிளகு தூக்கலா இருந்தா இன்னும் பொருத்தம். சார்டீனியா மேய்ச்சல்காரங்க ஊர். ஆட்டுக்கறியும் செம்மறிப்பால் சீஸும் அவங்க அன்றாடச் சாப்பாடு. ஒயின் அதுக்கேத்த மாதிரி வளந்துச்சு.

எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு நீரோ தாவோலா. சிசிலியோட பேர் போன சாப்பாடே கத்தரிக்காயைப் பொரிச்சு, தக்காளியில போட்டு, பாஸ்தாவோட கலக்கறது. நம்ம பக்கம் புளியைக் கொஞ்சம் குறைச்சு, தக்காளியைக் கூட்டினா போதும். சைவம் சாப்பிடறவங்களுக்கு ஒயின் ஜோடி கிடையாதுன்னு யாராவது சொன்னா, இதைச் சொல்லுங்க.

பிரியாணிக்கு நெரெல்லோ இல்ல சாஞ்சியோவேசே. நெய்யும் கறியும் டானினை அடக்கும், தயிர்ப் பச்சடி காரத்தை அடக்கும். பக்கத்துல கத்தரிக்காய் தொக்கு வேற இருந்தா சிசிலிக்காரங்களே நம்ம ஊருக்கு வந்துடுவாங்க.

மீனுக்குப் பொதுவா ரெட் வேண்டாம்னு சொல்வாங்க. காரணம் இருக்கு. ஒயின்ல இருக்கிற இரும்புச்சத்து மீனோட சேந்தா வாயில கவிச்சை நிக்கும்னு 2009-ல ஜப்பான் ஆய்வாளர்கள் காட்டினாங்க. வஞ்சிரம் வறுவல் சாப்பிட்டே ஆகணும்னா எலுமிச்சை பிழிஞ்சு, நல்லா ஜில்லுனு இருக்கிற ஃப்ராப்பாத்தோ. மீன் குழம்புக்கு ஒயினே வேண்டாம். குழம்புக்கு மரியாதை கொடுங்க.

குடிக்காதவங்களுக்கு: பன்னீர் திராட்சையைத் தோலோட நசுக்கி, பத்து நிமிஷம் ஊறவிட்டு வடிகட்டுங்க. சர்க்கரை வேண்டாம், ஒரு சிட்டிகை உப்பு. கோஸ் தீவுக்காரங்க டெக்னிக். தோல் ஊறினதால லேசான துவர்ப்பு இருக்கும். மட்டன் சுக்காவோட சாப்பிட்டுப் பாருங்க, மேல சொன்ன எல்லாக் கணக்கும் இதுலயும் வேலை செய்யும்.

'ஒயின்னா லைட்தானே?'

இப்ப கொஞ்சம் சீரியஸா பேசணும். நான் வளந்த பக்கத்துல, மாசச் சம்பளம் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே கடையில கரைஞ்ச குடும்பங்களைப் பாத்திருக்கேன். உங்கள்லயும் பல பேர் பாத்திருப்பீங்க. அதனால ஒயினைப் பத்தி அழகழகா பேசிட்டு எந்திரிச்சுப் போக எனக்கு மனசு வரல.

ஒயின் குடிக்கறவங்க ரெண்டு வசனம் சொல்வாங்க. முதல் வசனம், 'இது லைட்.' கணக்குப் போடலாம். 750 மில்லி பாட்டில், 13.5 சதவீதம். அதுல சுத்தமான ஆல்கஹால் சுமார் 101 மில்லி. ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி, 42.8 சதவீதம். அதுல 77 மில்லி. 650 மில்லி பீர், 5 சதவீதம். அதுல 32 மில்லி. அப்ப ஒரு பாட்டில் ஒயின், ஒரு குவார்ட்டரைவிட அதிகம், மூணு பெரிய பீருக்குச் சமம். கண்ணாடிக் கோப்பை அழகா இருக்கிறதால கல்லீரல் தள்ளுபடி தர்றதில்ல.

ரெண்டாவது வசனம், 'ரெட் ஒயின் ஹார்ட்டுக்கு நல்லது.' சார்டீனியாவுல நூறு வயசு தாண்டினவங்க அதிகம், அவங்க கன்னோனாவ் குடிக்கறாங்க, அதனாலதான்னு ஒரு விளம்பரம் சுத்துது. அவங்க மலையேறி ஆடு மேய்க்கறாங்க, அவரையும் கீரையும் சாப்பிடறாங்க, தாத்தா பாட்டியைத் தனியா விடறதில்ல. அதையெல்லாம் விட்டுட்டு பாட்டிலை மட்டும் எடுத்துக்கறது நமக்கு வசதி. உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில தெளிவாவே சொல்லிடுச்சு: உடம்புக்குப் பாதுகாப்பான அளவுன்னு ஆல்கஹாலுக்கு ஒண்ணு இல்ல. ஒயினும் அதுல அடக்கம். தமிழ்நாட்டுல 21 வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு விக்கறதுக்கே சட்டப்படி தடை.

அதனால உடம்புக்காகக் குடிக்கறேன்னு யாரும் சொல்ல வேண்டாம். குடிக்கறவங்க, சாப்பாட்டோட, குறைவா, தெரிஞ்சு குடிக்கலாம். குடிக்காதவங்க யார்கிட்டயும் காரணம் சொல்ல வேண்டியதில்ல.

ஆவடித் தோழிக்கு என் பதில் இங்கதான் வருது. உங்க அப்பாவோட குடியையும் ஒயினைப் பத்தின அறிவையும் ஒரே மூட்டையில கட்ட வேண்டாம். அரிக்கமேட்டு ஜாடியைப் பத்திப் படிச்சா யாருக்கும் போதை ஏறாது. அந்த லிஸ்ட் உங்க கையில வந்தப்ப உங்களுக்கு வந்த கூச்சம், நீங்க குடிக்காததால வந்தது இல்ல. 'இது எங்க ஆளுங்க விஷயம், உனக்குத் தெரியாது'ன்னு அந்த லிஸ்ட் சொல்லாம சொல்லுது பாருங்க, அதனால வந்தது. அடுத்த தடவை கொடுத்தாங்கன்னா, பேரைப் படிங்க. ஊரா, ரகமான்னு பாருங்க. டேபிள்ல ஆட்டுக்கறி இருக்கா, மீன் இருக்கான்னு பாருங்க. ஒண்ணைக் காட்டி, "இது உங்களுக்குச் சரியா இருக்கும். எனக்கு ஃப்ரெஷ் கிரேப் ஜூஸ்"னு சொல்லுங்க. குரல் நடுங்க வேண்டிய அவசியமே இல்ல. அந்த டேபிள்ல இருக்கிற மத்தவங்களுக்கு கோஸ் தீவுத் திருடன் கதை தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

கடைசியா ஒரு வீட்டுப்பாடம். புதுச்சேரி போறவங்க பீச் ரோட்டோட திரும்பி வந்துடாதீங்க. புதுச்சேரி அருங்காட்சியகத்துல அரிக்கமேட்டுப் பொருட்கள் இருக்கு, ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. இரட்டைக் கைப்பிடி எங்கயாவது தெரியுதான்னு தேடிப் பாருங்க. கட்டஞ்சாய்ப் பரிசோதனை செஞ்சவங்க, எத்தனை ஸ்பூன் பால்ல துவர்ப்பு அடங்குச்சுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த வாரம் கருவாடு பத்திப் பேசப்போறோம், உப்பு இன்னும் நம்மளை விடல.